பழைய வண்டிக்கு எந்த பிளக் ஒயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அம்பாசடர் மார்க் 2 நிற்கிறது. பெட்ரோல் எஞ்சின், பழைய பாயிண்ட் இக்னிஷன் (சின்ன உலோக முனைகள் திறந்து மூடிப் பொறியை வரவழைக்கும் ரகம்), இன்றைக்கும் ஓடுகிறது. அது நிற்பதாலேயே தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் கல்யாண வீட்டில் பார்த்தாலும் சரி, டீக்கடையில் பார்த்தாலும் சரி, பிளக் ஒயரைப் பற்றி ஏதாவது கேட்காமல் போவதில்லை. நான் மெக்கானிக் இல்லை. தப்பான ஒயரை வாங்கி நடுரோட்டில் நின்று கற்றுக்கொண்டவன். ஒரே பதிலைப் பலமுறை சொல்லியாகிவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பிளக் ஒயர்னா என்ன சார் பெரிய விஷயம்? வீட்டு ஒயரை மாட்டினா ஓடாதா?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பழைய ஜீப், பைக் சிலவற்றில் 6 வோல்ட்தான். காயில் அதைப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் என்று ஏற்றுகிறது. காயிலிலிருந்து ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுத்துளைக்கு வரும். உள்ளே சுற்றும் ரோட்டர், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி, ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு அதைப் பிரித்துவிடும். நாலு சிலிண்டர் வண்டிக்கு நாலு பிளக் ஒயர், ஒரு காயில் ஒயர், ஆக ஐந்து.

வீட்டு ஒயரின் உறை இவ்வளவு வோல்ட்டுக்குச் செய்தது இல்லை. கரண்ட் அதைத் துளைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் இரும்புக்குத் தாவிவிடும், பிளக்குக்குப் போகாது. பிளக் ஒயரில் பெரும்பாடு படுவது உறைதான். உள்ளே ஓடும் கரண்ட் மிகக் கொஞ்சம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியை நாமே எடைபோட்டுவிடலாம்.

என்னுது டீசல் அம்பாசடர். எனக்கு எந்த ஒயர்?

எதுவும் வேண்டாம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, இருப்பது ஹீட்டர் பிளக். அதற்கு வருவது பேட்டரி வோல்ட்தான். இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால்தான் எழுதினேன்.

கடையில காப்பர், கார்பன், சிலிக்கான்னு மூணு ரகம் சொல்றாங்க. எது ஒசத்தி?

அது மூன்று ரகம் இல்லை. காப்பர், கார்பன் இரண்டும் உள்ளே இருப்பதன் பெயர். சிலிக்கான் என்பது மேல் உறையின் பெயர். சிலிக்கான் உறைக்குள் காப்பரும் இருக்கலாம், கார்பனும் இருக்கலாம். "சிலிக்கான் ஒயர் கொடுங்க" என்று கேட்டு வாங்கினால் உள்ளே என்ன வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, பல சமயம் கடைப் பையனுக்கும் தெரியாது. வெட்டின முனையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முனையில் மெல்லிய செம்புக் கம்பிகள் முறுக்கித் தெரிந்தால் காப்பர். ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்குத் தடை, இல்லை என்றே சொல்லலாம். கறுப்பாகத் திரி மாதிரி தெரிந்தால் கார்பன், அதாவது கார்பன் ஏற்றிய நூல் அல்லது கண்ணாடி இழை. ஓர் அடிக்குச் சுமார் 4,000 முதல் 7,000 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். ரேடியோ இரைச்சலை அடக்க வேண்டுமென்றே அப்படிச் செய்தது. மூன்றாவதாக ஸ்பைரல் ஒன்று உண்டு. நூல் மாதிரியான நடுத்தண்டின் மேல் தலைமுடி கனத்தில் உலோகக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். ரெசிஸ்டன்ஸ் குறைவு, இரைச்சலையும் அடக்கும், விலைதான் கூட.

உறையில் பழையது ரப்பரும் பி.வி.சி.யும். பி.வி.சி. சூடு பட்டுப் பட்டு விறைத்து வெடிக்கும். சிலிக்கான் 200 டிகிரி வரை தாங்கும், வளைந்துகொடுக்கும், ஆனால் கூரான தகட்டில் உரசினால் சுலபமாகக் கிழியும்.

சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. என் பழைய பெட்ரோல் காருக்கு எது?

கம்பெனியிலிருந்து வந்தபடி பாயிண்ட், கண்டென்சர், காயில் என்று இருக்கும் அம்பாசடர், ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பெட்ரோல் ஜீப் எதுவானாலும் 7 மி.மீ. காப்பர் ஒயர். உறை சிலிக்கானாக இருந்தால் நல்லது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இங்கேயே பதில் முடிந்துவிட்டது.

மீதிப் பேர் பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போட்டவர்கள், ரேடியோ கேட்பவர்கள், 1800 சி.சி. இசுசு எஞ்சின் வந்த பிற்கால அம்பாசடர்க்காரர்கள். இசுசு எஞ்சினுக்குப் பழைய அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினின் ஒயர் செட்டை வாங்காதீர்கள், அது வேறு எஞ்சின், வேறு டிஸ்ட்ரிபியூட்டர்.

எல்லாரும் ஒயரைப் பாருன்னு சொல்றாங்க, நீங்க மட்டும் கேப்பைக் கழட்டிப் பாருன்னு சொல்றீங்களே, ஏன்?

அடி பட்டவன் என்பதால். சில வருஷத்துக்கு முன்னால் அழகாக இருக்கிறதே என்று சிவப்பு நிறத்தில் ஒரு ஒயர் செட் வாங்கி, எங்கள் அம்பாசடருக்குத் தேவையான நீளத்துக்கு வெட்டி நானே மாட்டினேன். இரண்டு மாதம் பிரமாதமாக ஓடியது. ஐப்பசி மழையில் மயிலாடுதுறைக்குப் போகும்போது ஆடுதுறை தாண்டியதும் வண்டி இருமத் தொடங்கியது, குத்தாலத்துக்குள் நுழையும்போது மூன்று சிலிண்டரில் ஓடியது, அப்புறம் நின்றேவிட்டது. மழைத் தண்ணீர்தான் என்று நினைத்து எல்லாவற்றையும் துண்டால் துடைத்தேன். பலனில்லை. டீக்கடைத் தாழ்வாரத்தில் வைத்து கேப்பைக் கழற்றி மூன்றாம் நம்பர் ஒயரை உருவினேன். ஒயரில் ஸ்க்ரூ குத்தின ஓட்டை கடுகு அளவுக்கு விரிந்திருந்தது. தட்டினால் உள்ளங்கையில் கறுப்புப் பொடி கொட்டியது.

விஷயம் இதுதான். பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் ஒரு ரகம் உண்டு. ஒயர் பக்கவாட்டுத் துளையில் நுழையும். கேப்பின் உள்ளிருந்து கூர்முனை ஸ்க்ரூ ஒன்று உறையைத் துளைத்துக்கொண்டு ஒயரின் நடுவில் குத்தி நிற்கும். செம்புக் கம்பியில் குத்தினால் இறுக்கமான பிடிப்பு. கார்பன் திரியில் குத்தினால் முனை சும்மா தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த மயிரிழை இடைவெளியில் பொறி தாவும், கார்பன் கருகும், இடைவெளி இன்னும் அகலும். நான் வாங்கிய சிவப்பு ஒயர் உள்ளே கார்பன். ஒயரில் பழுதில்லை. பொருத்தமில்லாத கேப்பில் போட்ட என் தப்பு.

அதனால் இந்த ஸ்க்ரூ கேப்புக்குக் காப்பர் மட்டும்தான். மாட்டும்போது உறையைச் சீவ வேண்டாம். முனையை நேராக வெட்டி, முட்டும்வரை தள்ளி, அப்புறம் ஸ்க்ரூவை இறுக்குங்கள். நடு ஒயருக்கான ஸ்க்ரூ கண்ணில் படாது. ரோட்டரைத் தொடும் சின்ன கார்பன் துண்டை மெல்ல உருவினால் அதன் அடியில் இருக்கும். கேப்பின் மேலே குழாய் மாதிரி வாய்கள் இருந்து, பித்தளை முனை வைத்த ஒயரை அழுத்திச் செருகுவதாக இருந்தால் எந்த ரக ஒயரும் பொருந்தும்.

காயில் பக்கத்தையும் பாருங்கள். பழைய காயில் சிலவற்றில் ஒயர் ஒரு பேக்லைட் நட்டுக்குள் நுழையும். உறையைக் கால் அங்குலம் சீவி, கம்பிகளைச் சின்ன பித்தளை வாஷர் வழியே விட்டு, பூ மாதிரி விரித்து மடக்கித் திருக வேண்டும். கார்பன் திரியை அப்படி விரிக்க முடியாது. அங்கேயும் காப்பர்தான்.

8 மில்லி மீட்டர் ஒயர் போட்டா பிக்கப் கூடும்னு மெக்கானிக் சொல்றாரே?

கூடாது. 7, 8 என்பது உறையோடு சேர்த்த பருமன். உள்ளே கம்பி தடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இதை வயல் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்வது சுலபம். பிளக் முனையில் பொறி தாவும் வரை ஒயரில் கரண்ட் ஓடுவதில்லை, அழுத்தம்தான் ஏறுகிறது. மடை மூடியிருக்கும்போது வாய்க்கால் அகலமோ குறுகலோ, தண்ணீர் மட்டம் கடைசியில் ஒரே அளவுக்குத்தான் ஏறி நிற்கும். மடை திறந்த பிறகு பிளக்கில் ஓடுவதும் சில பத்து மில்லி ஆம்பியர்தான். அதற்குப் பெரிய வாய்க்கால் தேவையில்லை. பழைய ஒயரைக் கழற்றிப் புது 8 மி.மீ. போட்டவுடன் பிக்கப் கூடியது என்றால், பழைய ஒயர் லீக் ஆகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். புது 7 மி.மீ. போட்டிருந்தாலும் கூடியிருக்கும்.

இன்னொரு தொல்லை: பழைய கேப்பின் துளை 7 மி.மீ.க்குச் செய்தது. 8 மி.மீ. நுழையாது. பிளேடால் உறையைச் சீவி நுழைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எதற்குக் கூடக் காசு கொடுத்தோமோ அதையே சீவிப் போட்டாயிற்று.

காப்பர் போட்டதுலேர்ந்து கார் ரேடியோல கர்ர்னு ஒரே இரைச்சல். என்ன பண்றது?

ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன ரேடியோ நிலையம் மாதிரி. காப்பர் ஒயர் அதற்கு ஏரியல். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் மாதிரி மீடியம் வேவில்தான் இரைச்சல் அதிகம் கேட்கும், எஃப்.எம்.மில் குறைவு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இரைச்சலின் சுருதியும் கூடினால் காரணம் இக்னிஷன்தான், சந்தேகமில்லை.

ஒயரை மாற்ற வேண்டாம். காப்பரை அப்படியே விட்டுவிட்டு, பிளக் முனையில் 5,000 ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போடுங்கள், அல்லது ரெசிஸ்டர் பிளக் வாங்குங்கள். ஏதாவது ஒன்று போதும்.

பிளக் நம்பர்ல 'ஆர்' இருக்கு, பிளக் கேப்பும் ரெசிஸ்டர், ஒயரும் கார்பன். மூணும் சேர்ந்தா நல்லதுதானே?

'ஆர்' என்றால் பிளக்குக்குள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் 5,000 ஓம். கேப்பில் இன்னொரு 5,000. ஒன்றரை அடி கார்பன் ஒயரில் ஏழெட்டாயிரம். மொத்தம் கிட்டத்தட்ட இருபதாயிரம் ஓம் ஆகிவிடுகிறது. மடைக் கணக்குப்படி பொறி தாவுவது நிற்காது. ஆனால் தாவின பிறகு ஓடும் கரண்ட் குறைந்து பொறி மெலியும். நல்ல பேட்டரி, நல்ல காயில் என்றால் சமாளிக்கும். காயில் நாற்பது வயதானதாக இருந்து, காலையில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினால் அந்த மெலிந்த பொறி போதாது.

ஒரு சிலிண்டருக்கு ஒரு ரெசிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கிலோ கேப்பிலோ ஒயரிலோ, எங்கே என்பது உங்கள் இஷ்டம்.

புல்லட், யெஸ்டி வச்சிருக்கறவங்களுக்கும் இதே கதைதானா?

பெரும்பாலும் இதேதான். பைக்கின் பிளக் கேப்பைத் திருப்பி உள்ளே பார்த்தால் மர ஸ்க்ரூ மாதிரி ஒரு முனை இருக்கும். ஒயரை அதன்மேல் வைத்துத் திருகினால் அது கம்பிகளுக்கு நடுவே மரையேறிப் பிடிக்கும். ஆக, காப்பர். கார்பன் ஒயரில் திருகினால் திரியைக் குதறிவிடும். முனை கறுத்துவிட்டால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். அதனால் ஒயரை முதலிலேயே கொஞ்சம் நீளமாக விட்டு வைப்பது நல்லது.

பிளக்கின் தலையில் திருகி எடுக்கக்கூடிய சின்ன நட்டு ஒன்று இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். பைக் கேப் பலவற்றுக்கு நட்டைக் கழற்றிவிட்டு வெறும் மரைமேல் மாட்ட வேண்டும். கார் ஒயருக்குப் பெரும்பாலும் நட்டு இருக்க வேண்டும். நட்டைத் தொலைத்துவிட்டு, கேப் லொடலொடவென்று ஆடுவதற்கு ஒயரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

பழைய யெஸ்டி டூ ஸ்ட்ரோக். ஆயில் கலந்த பெட்ரோலில் பிளக் சீக்கிரம் நனையும். அங்கே பொறி கொஞ்சம் மெலிந்தாலும் கிக்கர் உதைத்து முழங்கால் போய்விடும். ஒயர் காயிலோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருந்தால் நடுவில் வெட்டி டேப் சுற்றி ஒட்டுப் போடாதீர்கள். இருபதாயிரம் வோல்ட்டுக்குக் கறுப்பு டேப் ஒரு பொருட்டே இல்லை. காயிலையே மாற்ற வேண்டியதுதான்.

வயல்ல தாத்தா காலத்து பெட்ரோல்-மண்ணெண்ணெய் எஞ்சின் ஒண்ணு கிடக்கு. அதை ஓட்டிப் பார்க்கணும். ஒயர்?

பேட்டரி கிடையாது, பொறி மேக்னெட்டிலிருந்து வருகிறது. கயிறு சுற்றி இழுக்கும் வேகத்தைப் பொறுத்துத்தான் வோல்ட் ஏறும். நம் கை வேகத்தில் அது கொஞ்சம்தான் ஏறும், அதில் ரெசிஸ்டர் வேறு வைப்பானேன்? காப்பர் ஒயர், 'ஆர்' இல்லாத பிளக், சாதா கேப்.

ஒயரைத் தேவைக்கு மேல் நீட்டி விடாதீர்கள். சிலிண்டர் ரெக்கைகள் கொதிக்கும், அங்கே ஒயர் படக்கூடாது. சிலிக்கான் உறை நல்லது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போது கார்புரேட்டர் பக்கம் வழியும். அது ஒயரில் ஊறினால் உறை உப்பிப்போய்விடும். துடைத்து வையுங்கள்.

பாயிண்ட் தொல்லை தாங்காம எலக்ட்ரானிக் கிட் போட்டுட்டேன். காப்பர் ஒயரையே விட்டுடலாமா?

விடாதீர்கள். மேலே சொன்ன ரேடியோ இரைச்சல் ரேடியோவை மட்டும் பாதிப்பதில்லை. கேப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன எலக்ட்ரானிக் பெட்டியையும் குழப்பும். வண்டி காரணமில்லாமல் வெட்டி வெட்டி ஓடும், சில சமயம் பெட்டியே போய்விடும். கிட்டோடு வந்த தாளில் எந்த ஒயர் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கார்பன் அல்லது ஸ்பைரல். காசு இருந்தால் ஸ்பைரல் போடுங்கள், அதிக நாள் வரும்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? உங்கள் கேப் ஸ்க்ரூ ரகமாக இருந்தால் கார்பன் ஒயர் நான் குத்தாலத்தில் பட்ட பாட்டைப் படும். அதனால் கிட் வாங்கும்போதே செருகு ரகக் கேப்பும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இன்னொன்று, இந்த கிட் இருக்கும் வண்டியில் ஒயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். போக வழியில்லாத கரண்ட் காயிலையோ பெட்டியையோ துளைத்துக்கொண்டு போகும்.

ஐப்பசி கார்த்திகைல காலைல ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது. வெயில் வந்தா ஒரே கிக்ல கிளம்புது. ஒயரா?

ஒயர் அல்லது கேப். ஒயரின் மேல் படிந்த தூசியும் எண்ணெயும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த ஈரப் படலத்தின் மேலேயே கரண்ட் ஊர்ந்து எஞ்சினுக்கு இறங்கிவிடும். பழைய பி.வி.சி. உறையில் மயிர் வெடிப்புகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியால் ஐந்து ஒயர்களையும், கேப்பை உள்ளும் புறமும், காயிலின் தலையையும் துடைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். கிளம்பினால் இன்றைக்கு ஓட்டலாம், ஆனால் அந்த ஒயர் செட்டின் காலம் முடிந்தது.

கேப்பின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டது மாதிரி கறுப்பு இழை ஓடியிருந்தால் அது கரண்ட் நடந்து நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை. துடைத்தால் போகாது, கேப்பை மாற்றுங்கள். டீசல், மண்ணெண்ணெய் போட்டு ஒயரைத் துடைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரப்பர் மூடிகளின் வாயில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினால் மழைக்காலம் முழுவதும் ஈரம் உள்ளே போகாது.

நாகப்பட்டினத்துல கடலுக்குக் கிட்ட வீடு. காப்பர் ஒயர் உள்ளே பச்சையாயிடுது. கார்பனுக்கு மாறிடட்டுமா?

அந்தப் பச்சை களிம்பு. விளக்காத செம்புப் பாத்திரத்தில் பிடிக்கிறதே, அதுதான். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, உப்பளம் இருக்கும் வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று ஒயரின் வெட்டின முனை வழியாகக் கம்பிகளுக்கு இடையில் ஏறும். வெளியே உறை புத்தம் புதுசாக இருக்கும். இரண்டு அங்குலம் சீவிப் பார்த்தாலும் உள்ளே பச்சை.

கார்பனுக்கு மாறுவதற்கு முன்னால் வெள்ளீயம் பூசிய காப்பர் ஒயர் கிடைக்கிறதா என்று கேளுங்கள். முனையில் கம்பி செம்பு நிறமாக இல்லாமல் வெள்ளையாகத் தெரியும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இதுவும் ஒரே யோசனைதான், களிம்பு சுலபத்தில் ஏறாது. மாட்டும்போது முனையிலும் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். செருகு ரகக் கேப் இருந்தால் கார்பன் போட்டுக்கொள்வதும் தப்பில்லை, களிம்பு பிடிக்க அதில் செம்பே இல்லை.

எலி கடிக்காத ஒயர் இருக்கா?

எனக்குத் தெரிந்து இல்லை. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் எஞ்சின் அறை இருட்டாகவும் கதகதப்பாகவும் இருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் வைக்கோலும் நெல் மூட்டையும் வைக்காமல் இருப்பதும், பானட்டைத் திறந்தே வைப்பதும், வாரத்தில் இரண்டு நாள் எஞ்சினை ஓட விடுவதும் எங்கள் வீட்டில் பலன் கொடுத்தன. வேதாரண்யம் புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டு எலி அதை மதிக்கவில்லை.

கடித்த இடத்தில் டேப் சுற்றாதீர்கள். காரணம் பைக் கேள்வியிலேயே சொல்லியாயிற்று.

ஒயர் நல்லாயிருக்கா போயிடுச்சான்னு வீட்டுலயே எப்படிப் பார்க்கறது?

ராத்திரி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் பனி மாதிரி தெளியுங்கள். லீக் ஆகும் இடத்தில் நீல நிறத்தில் பொறி ஊரும், டிக் டிக்கென்று சத்தமும் கேட்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. ஓடும்போது ஒயரைக் கையால் தொடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டாம்.

பகலில் மல்டிமீட்டர். எஞ்சினை நிறுத்தி, ஒயரை இரண்டு முனையிலும் கழற்றி ஓம் அளவைப் பாருங்கள். காப்பர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். கார்பன் அடிக்கு 4,000 முதல் 7,000. மீட்டரை வைத்தபடியே ஒயரை வளைத்து ஆட்டுங்கள். எண் தாவினால் உள்ளே ஒடிந்திருக்கிறது. கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகி எடுங்கள். நல்ல கார்பன் ஒயர் பல இந்த இழுப்பில்தான் சாகின்றன.

நாலு ஒயரையும் ஒண்ணா சேர்த்துக் கட்டினா பார்க்க அழகா இருக்கு. கட்டலாமா?

வேண்டாம். நம் பழைய நாலு சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும். ஒன்றாம் நம்பர் ரேடியேட்டர் பக்கம். இதில் மூன்றும் நாலும் அடுத்தடுத்து வருகின்றன, பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களும் கூட. மூன்றாவது வெடிக்கும் நேரத்தில் நாலாவதில் பெட்ரோல் கலவை நிரம்பியிருக்கும், ஆனால் அழுத்தம் இன்னும் ஏறியிருக்காது. குறைந்த அழுத்தத்தில் பொறி சுலபமாகத் தாவும். இரண்டு ஒயரும் ஒட்டியபடி நெடுக ஓடினால் ஒன்றின் வேகம் மற்றதில் தொற்றி, நாலாவது நேரம் தப்பி வெடிக்கப் பார்க்கும்.

விரல் அகலம் இடைவெளி விட்டு, குறுக்கே போக நேர்ந்தால் ஒன்றையொன்று வெட்டிப் போகும்படி விடுங்கள். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினில் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே பக்கம், புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்ட் எதிர்ப்பக்கம், அதனால் சூட்டுத் தொல்லை குறைவு. கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஒயரிலும் நம்பர் எழுதுங்கள், அல்லது செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்காமல் கழற்றிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

பழைய மாடல்ல வந்த துணி சுத்தின ஒயர் இருக்கே, அது இப்ப கிடைக்குமா? போடலாமா?

பழைய கண்காட்சிக்குப் போகிற வண்டி என்றால் ஆசை வரத்தான் செய்யும். புதிதாகச் செய்த துணி உறை ஒயர் வருகிறது. உள்ளே இன்றைய உறை, மேலே அழகுக்குப் பருத்திப் பின்னல். அதைத் தாராளமாகப் போடலாம். ஆனால் நம் ஊர் மழையில் துணி ஈரத்தைக் குடிக்கும், எண்ணெய் அழுக்கையும் பிடிக்கும். கண்காட்சிக்கு ஒரு செட், ஓட்டுவதற்கு ஒரு செட் வைத்திருப்பவரை எனக்குத் தெரியும். பரணில் கிடந்த அசல் பழைய துணி ஒயரை மட்டும் மாட்டாதீர்கள், உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிரும்.

ஒயர், பிளக் எல்லாம் புதுசு. இன்னும் மிஸ் அடிக்குது. ஒயர் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், மல்டிமீட்டரில் ஐந்தையும் பார்த்துவிட்டால் அது தெரிந்துவிடும். சரியாக இருந்தால் ஒயரை விட்டுவிட்டு பாயிண்ட்டுக்குப் போங்கள். லூகாஸ் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. முகத்தில் மேடு பள்ளம் விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக் இடைவெளி 0.6 மி.மீ.யை ஒட்டி இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் தங்கத்தில் ஒயர் செய்து போட்டாலும் பாயிண்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு இடைவெளியில் திறக்கும்.

காயிலும் மாத்திட்டேன். முன்னை விட மோசமா இருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?

காயிலைத் தலைகீழாக இணைத்திருப்பீர்கள். பிளக்கின் நடு முனை சூடாக இருக்கும். சூடான முனையிலிருந்து வெளி முனைக்குப் பொறி தாவுவது சுலபம். காயிலின் இரண்டு சின்ன ஒயர்கள் மாறினால் பொறி எதிர்த்திசையில் தாவ வேண்டும், அதற்குக் கூடுதல் வோல்ட் தேவை. வண்டி ஓடும், ஆனால் ஏற்றத்திலும் வேகத்திலும் திணறும். பாதிப் பேர் இதை ஒயர் கோளாறு என்று நினைத்து இரண்டாவது செட்டும் வாங்கிவிடுகிறார்கள்.

பேட்டரியின் மைனஸ் பாடியில் இணைத்திருந்தால், காயிலில் மைனஸ் குறியுள்ள முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பல பிளஸ் பாடியில் இணைத்து வந்தவை. பின்னால் யாராவது மைனஸுக்கு மாற்றியிருப்பார்கள். அந்தக் காலத்துக் காயிலில் பிளஸ், மைனஸ் குறிக்குப் பதில் எஸ்.டபிள்யூ. (சுவிட்ச்), சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர், அதாவது பாயிண்ட்) என்று இருக்கும். பிளஸ் எர்த் இருந்தவரை சி.பி. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். மைனஸ் எர்த்துக்கு மாற்றிவிட்டு அந்தப் பழைய காயிலையே வைத்திருந்தால் இரண்டையும் இடம் மாற்றி இணைக்க வேண்டும். ஸ்பேனர் எடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிக்கொள்ளுங்கள்.